நானே ஆம்புலன்ஸாக ஓடிய சனிக்கிழமை

சென்னையில் சிவப்பு விளக்கில் காத்துக் கிடக்கும் எல்லோரும் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: இந்த சிக்னலை வைத்தவன் மடையன். பெரும்பாலும் அது அநியாயமான குற்றச்சாட்டு. ஆனால் மந்தைவெளியில் எங்கள் தெருமுனை சிக்னலைப் பொறுத்தவரை, ஒரே ஒரு சனிக்கிழமை, அது முழு உண்மையாக இருந்தது. அந்த மடையன் நான்தான். அன்று அவனை அதிகமாகத் திட்டியவனும் நான்தான்.

அப்போது அடையாறில் பத்துப் பேர் மட்டும் இருந்த ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நாங்கள் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஆம்புலன்ஸில் பொருத்திவிட்டால், செயற்கைக்கோள்களை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்து, நொடிக்கு ஒரு தரம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே வரும். ஆம்புலன்ஸ் ஒரு சிக்னலை நெருங்கினால் அது வரும் பக்கம் பச்சை விழும், மற்ற பக்கமெல்லாம் சிவப்பு. வண்டி கோட்டைத் தாண்டியதும் சிக்னல் பழையபடி வேலை செய்யும். இதை ஒரே ஒரு சிக்னலில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அது எங்கள் தெருமுனையாக அமைந்தது தற்செயல். (என் மனைவி உமா இதை இன்றுவரை நம்பவில்லை.)

அனுமதி கேட்கப் போன கூட்டத்தில் ஓர் அதிகாரி நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். "ஆம்புலன்ஸே டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா? அது வந்து சேர்றதுக்குள்ள உங்க பச்சை போயிடாதா?"

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அந்த வயதில் தெரியாது என்று சொல்ல நாக்கு வராது. எழுந்து நின்று, "போகாது சார். ஆம்புலன்ஸ் கோட்டைத் தாண்டுற வரைக்கும் அந்தப் பச்சையை யாராலயும் மாத்த முடியாது. எங்களாலயே முடியாது" என்றேன். அதோடு விட்டேனா? சோதனை முடியும்வரை போலீஸ்காரர்களும் கையால் சிக்னலை மாற்றக் கூடாது, மாற்றினால் எங்கள் கணக்கு கெட்டுவிடும் என்று ஒரு வேண்டுகோள் வேறு வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரம்யா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கம்பெனியில் நிதானமாக யோசிக்கிற ஒரே ஆள் அவள்.

வெளியே வந்ததும், "நிறுத்துறதுக்கு ஒரு பட்டனாவது வைக்கலாம்பா" என்றாள்.

"உயிர்ப் பிரச்சினை ரம்யா. யாராவது தெரியாம அமுக்கிட்டா?" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

மொத்தம் மூன்று பெட்டிகள். இரண்டு, ஆம்புலன்ஸ்களில் ஏறிவிட்டன. மூன்றாவதை பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக வெள்ளிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சனிக்கிழமை காலை கிளம்பும்போது, வானம் நன்றாகத் தெரியட்டும் என்று பால்கனி கம்பியில் நைலான் கயிற்றால் கட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு உமாவுடன் தி.நகர் போனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

தி.நகரில் என் மாமனாரின் ஜவுளிக்கடை இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்து, துணி மடிக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். மாமாவுக்கு என்மேல் பிரியம் உண்டு, மரியாதை உண்டு, என் வேலை என்ன என்பது மட்டும் பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "மாப்ள சிக்னல் ரிப்பேரு பாக்காவ" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று ஆடித் தள்ளுபடியின் முதல் சனிக்கிழமை. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நானும் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு (கடையில் போன் அடித்தால் மாமாவுக்குப் பிடிக்காது) நைட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணி இருக்கும். கல்லாவில் இருந்த மாமா நெஞ்சை இடது கையால் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் சட்டை முழுக்க வேர்வை.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன் மாமா" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "ஆம்புலன்ஸு கடை வாசல்ல வந்து நின்னா, நான் போய்ட்டம்னே முடிவு பண்ணிருவானுவ. முதல் நாள் வியாபாரம். ஆட்டோவ வரச் சொல்லுங்க."

"அப்பா, விளையாடாதீங்க" என்றாள் உமா. அவள் குரல் உடைந்துவிட்டது.

"பின்பக்கமா வரச் சொல்லுமா" என்றார் அவர்.

ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸை வேகமாக அனுப்புவதுதான் என் பிழைப்பு. சொந்த மாமனாரை ஒன்றில் ஏற்ற எனக்குத் துப்பில்லை. ஏழு நிமிஷம் வாதாடித் தோற்றேன். கடைக்கு வழக்கமாக மூட்டை இறக்கும் தாஸ் அண்ணனின் ஆட்டோ பின்பக்கம் வந்தது. மாமாவை நடுவில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுப் பக்கம்தான். தெருமுனை சிக்னலைத் தாண்டினால் ஐந்து நிமிஷம்.

ஆழ்வார்பேட்டை வரை தாஸ் அண்ணன் பறந்தார். மந்தைவெளி வந்ததும் ஆட்டோ நின்றது. முன்னால் பஸ், லாரி, கார், அதற்கு முன்னால் மறுபடி பஸ். தூரத்தில் சிவப்பு விளக்கு.

ஒரு நிமிஷம் போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"இன்னா சார் இது" என்றார் தாஸ் அண்ணன். "அந்தச் சின்னத் தெருவுக்கே வுட்டுக்கினு கீறானுங்க. அங்க ஒரு நாய்கூட வரல."

உமா அப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாமா கண்ணை மூடியிருந்தார். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறேன் என்று என் நாடியையே எண்ணிக்கொண்டிருந்தேன். (நூற்று நாற்பது வந்தது. இவர் போய்விடுவார் என்றே முடிவு செய்துவிட்டேன்.) இறங்கி நடத்திக் கூட்டிப் போகலாம் என்றால் நெஞ்சுவலிக்காரரை நடக்க விடக் கூடாது. தூக்கிப் போகலாம் என்றால் மாமா எண்பத்தைந்து கிலோ. 

ஆட்டோவிலிருந்து குதித்து சிக்னலுக்கு ஓடினேன். போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், ஆட்டோல ஹார்ட் பேஷன்ட் இருக்கார். கொஞ்சம் கையால மாத்தி விடுங்க சார்."

"எப்படி மாத்தறது? அங்க பாரு" என்று மேலே காட்டினார். கம்பத்தில் ஒரு மின்பலகையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: ஆம்புலன்ஸ் வருகிறது, வழி விடவும். தமிழில்தான் வர வேண்டும் என்று சண்டை போட்டு நான் வைத்த பலகை. "மெஷினைத் தொடக் கூடாதுன்னு ஆர்டர். நான் உங்க ஆட்டோவை வுட்டு, அந்த நேரம் ஆம்புலன்ஸ் வந்து மாட்டிக்கிச்சுன்னா? அதுலயும் ஒரு உயிர்தானே கீது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அங்கே இன்னொன்றையும் பார்த்தேன். வழக்கமாக சிவப்பை மதிக்காத டூவீலர்காரர்கள்கூட அன்று கோட்டைத் தாண்டவில்லை. பலகையைப் படித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டியிருந்தார்கள். ஒரு பெண்மணி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, யார் பெற்ற பிள்ளையோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மொத்த ரோடும் எங்கள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றது. தெருவில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று மெதுவாக வந்து, பச்சையில் ராஜநடையாகக் கடந்து போயிற்று.

"எந்த முட்டாப்பய அந்த ஆம்புலன்ஸை ஓட்டறான்?" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தேன். ரம்யாவிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

"ரம்யா, மந்தைவெளி சிக்னலுக்கு வர்ற வண்டி எது? அந்த டிரைவர் டீ குடிச்சிட்டு இருக்கானா? என் மாமனார் செத்துடுவார் போல இருக்கு."

"அது மூணாம் நம்பர் பாக்ஸ்" என்றாள் ரம்யா. "காலையிலேருந்து சிக்னலுக்கு எண்பது மீட்டர் தள்ளியே நிக்குது, அரை மணி நேரமா பச்சையைப் பிடிச்சு வச்சிருக்கு. நீ ஏதோ டெஸ்ட் பண்றேன்னு நினைச்சேன். மூணாம் நம்பர் யார்கிட்ட இருக்கு?"

அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டு முதல் மாடி பால்கனி அங்கிருந்தே தெரிந்தது. நைலான் கயிறும் தெரிந்தது.

சும்மா தொங்கும் பெட்டிக்கும் செயற்கைக்கோள் தரும் கணக்கு நிலையாக இருக்காது. பத்தடி இப்படி, பத்தடி அப்படி என்று அலையும். அப்படி அலைந்ததில் ஒரு தடவை சிக்னல் பக்கமாக நாலடி நகர்ந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று எங்கள் கம்ப்யூட்டர் பச்சையைப் போட்டுவிட்டு, அது கோட்டைத் தாண்டுவதற்காக விசுவாசமாகக் காத்திருக்கிறது.

"நிறுத்து ரம்யா, ப்ளீஸ்."

"எங்க இருக்கு பட்டன்?" என்றாள். அன்றே சொன்னேனே என்று குத்திக் காட்டவில்லை. அவள் நல்லவள்.

அப்புறம் அவளே சொன்னாள். "பாக்ஸை ஆஃப் பண்ணாலும், ஆம்புலன்ஸோட தொடர்பு விட்டுப் போச்சுன்னு கம்ப்யூட்டர் காத்துட்டேதான் இருக்கும். அது கோட்டைத் தாண்டணும். எடுத்துட்டு ஓடு."

ஆட்டோவுக்குத் திரும்பி ஓடி, "ஒரு நிமிஷம் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன்.

"இப்பவா? உங்களுக்கு இப்பதான் வரணுமா?" என்றாள் உமா. அவள் எதை நினைத்தாள் என்று புரிந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை, தைரியமும் இல்லை.

முதல் மாடிக்கு இருபத்திரண்டு படி. பூட்டுக்குள் சாவி போக மறுத்தது. (அது ஸ்கூட்டர் சாவி.) கயிற்று முடிச்சு அவிழவில்லை, காய்கறிக் கத்தியால் அறுத்தேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்திலேயே ஓடி, சிக்னலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன். சிவப்பு அசையவில்லை.

"இன்னும் நீ இந்தப் பக்கம்தான் இருக்கேன்னு காட்டுது" என்றாள் ரம்யா போனில். "பிளாட்பாரத்தை ரோடுன்னு அது எடுத்துக்காது. ஆம்புலன்ஸ் பிளாட்பாரத்துல வராதுன்னு நீதான் எழுதின. நடு ரோட்ல ஓடு. பாக்ஸை மேல தூக்கிப் பிடி."

திரும்பி ஓடினேன். தெருவுக்குள் ஐம்பதடி பின்னால் போய், நடு ரோட்டில் நின்று, பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். பால்குடம் எடுக்கிறவன் மாதிரி இருந்திருக்கும். ஓட ஆரம்பித்தேன். அரை மணி நேரமாக ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும், கடைசியில் வந்தது என்ன என்று பார்த்தார்கள்.

"யோவ், நடு ரோட்ல எங்கய்யா ஓடற?" என்று காவலர் குறுக்கே வந்தார்.

"சார், வழி விடுங்க சார். நான்தான் சார் ஆம்புலன்ஸ்."

அவர் விலகிவிட்டார். பைத்தியம் என்று பயந்தாரா, பலகைக்குக் கட்டுப்பட்டாரா, இன்றுவரை தெரியாது. கோட்டைத் தாண்டினேன். இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு நொடியில், தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிவிட்டேன். பிறகு மெயின் ரோட்டுக்குப் பச்சை விழுந்தது.

பஸ் கிளம்பியது, லாரி கிளம்பியது, தாஸ் அண்ணன் இரண்டுக்கும் நடுவில் ஆட்டோவைச் செருகிக்கொண்டு என்னைக் கடந்து போனார். நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நானே அடித்திருப்பேன். உள்ளே உமா அப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா மட்டும் கண்ணைத் திறந்து, பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கும் மருமகனை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்லவேளை, வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா சொல்றதுக்கில்லை" என்றார் டாக்டர். எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த இன்னும் கொஞ்சம் லேட் முழுக்க என் பால்கனியில் தொங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் நாள் வார்டில் உமாவையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். தலை நிமிரவில்லை. உமா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். (அப்புறம் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் பேசியதற்கு, பேசாமலே இருந்திருக்கலாம்.)

மாமா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம மேலயும் தப்பு இருக்கு மாப்ளே. நீங்க அப்பமே ஆம்புலன்ஸ்னு சொன்னிய, நான் கேக்கல" என்றார். பிறகு, "போர்டுல ஆம்புலன்ஸ் வருதுன்னு போட்டிருக்குன்னு சுத்தி நின்னவனுவ பேசிக்கிட்டானுவல்லா? கண்ண மூடிக்கிட்டு நானும் காத்துக்கிட்டே கெடந்தேன், யாரு வருதாவன்னு. கடைசில நீங்க வந்திய" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நர்ஸ் வந்து, சிரிக்கக் கூடாது என்று எல்லோரையும் வெளியே அனுப்பினாள்.

இப்போது எங்கள் ஆபீஸில் நிறுத்தும் பட்டன் இருக்கிறது. சிவப்பாக, பெரிதாக. ரம்யா அதன்மேல் என் பெயரை ஒட்டியிருக்கிறாள். மாமா கடையில், மாப்பிள்ளை என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்து, முழுக் கதையும் சொல்கிறார். அவர் சொல்லும்போது நான் ஒரு மைல் தள்ளியிருக்கும் பட்டினப்பாக்கத்திலிருந்தே ஓடி வருகிறேன்.

மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் காரில் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போவோம். வழியில் ஏதாவது ஒரு சிவப்பு விளக்கு கொஞ்சம் இழுத்துவிட்டால், வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். உமா என்னைப் பார்ப்பாள். பின்சீட்டிலிருந்து மாமா, ரொம்பப் பணிவாக, "மாப்ளே, செத்த இறங்கி ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துருங்களேன்" என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் கை கார்க் கதவைத் திறக்கப் போய்விடுகிறது.