கடைசித் தூணுக்கு ஓர் உத்தரவு

“தூணை எடு என்றால் எடுக்க வேண்டியதுதானே! இதில் என்ன...”

“எடுத்துட்டா திரும்ப வைக்க முடியாதுங்க ஐயா, இது கட்டினதில்ல, குடைஞ்ச...”

“அரசர் நினைத்தால் எதையும் வைப்பார்!” என்று வடிவாளை இடைமறித்தார் அழகுத்துறை அமைச்சர் பூவராகர்.

நீலக்குன்ற நாட்டில் சிற்பிகளுக்குப் பட்டறைகளும் அவர்களுடைய சிலைகளுக்கு ஒரு கூடமும் அமைத்துத் தர வந்தவள் வடிவாள். சிற்பி சிலை செய்வதைப் போலவே அவளும் செய்தாள். கல்மேல் கல் வைக்கவில்லை. ஒரே குன்றில் வேண்டாததை எல்லாம் எடுத்தாள். நடுவே கூடம், சுற்றிலும் முப்பது பட்டறைகள். அத்தனைக்கும் மேலே இருந்த குன்றை நான்கு தூண்கள் தாங்கின.

முதல் தூண், அரசர் பேசும்போது எதிரொலித்தது. எடுக்க உத்தரவாயிற்று. இரண்டாவதின் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. மூன்றாவது, அவர் முன்னிலையில் வளையாமல் நின்றது.

ஒவ்வொன்று போனபோதும் கூடம் விரிந்தது. ‘அகலம் கூடியது, ஆகவே நாடு வளர்ந்தது’ என்று அரசிதழ் எழுதியது. காலை வெயில் ஒரு கோடியில் நுழைந்து மறுகோடி வரை தடையின்றி ஓடுவதைக் கண்டு ஊரே வாயடைத்து நின்றது. வடிவாளுக்கும் மெய்சிலிர்த்தது, அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பட்டறைகளில் கதவுகள் இறுகிக்கொண்டிருந்தன. சிற்பிகளின் சோற்றில் கல்தூள் விழுந்தது. குன்று நடுங்குவதற்கு உளியோசையே காரணம் என்று கண்டறியப்பட்டு, சிற்பிகள் உளியைத் தொடவே தடை வந்தது.

நாளை திறப்பு விழா. சிற்பிகள் அவரவர் பட்டறையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வடிவாளின் மகள் பூங்கோதையும் அவர்களில் ஒருத்தி. அரசர் கையசைத்ததும் நான்காம் தூண் வெட்டப்படும்.

“தூணே இல்லாமல் நிற்கும் மலை!” பூவராகர் அண்ணாந்து பார்த்தார். அவர் கண் கலங்கியது. “நினைத்தாலே புல்லரிக்கிறதம்மா.”

“எனக்குந்தாங்க. ஆனா நிக்காதுங்க. என் மக உள்ள இருப்பா.”

“அவநம்பிக்கை பேசினால் தண்டனை உண்டு. அரசரின் முத்திரையே இருக்கிறது, பார்.”

வடிவாள் உத்தரவை வாங்கி நிதானமாகப் படித்தாள். விழாவில் யார் யார் எங்கே என்பது கடைசியில், சின்ன எழுத்தில் இருந்தது.

“அரசருக்கு மேடை எதிர்க்குன்று மேல போட்டிருக்காங்க. உங்க நாற்காலி எங்கன்னு படிச்சீங்களா, ஐயா?”