ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு சீரியல்

முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, லேப் பெண் ஊசியின் மூடியைக் கழற்றும் நேரம் பார்த்து ஜன்னலோரக் கட்டில் அம்மா கேட்டார்.

"அப்புறம் என்னாச்சு? அந்த வக்கீல் மருமக மாமனாருக்கு எதிரா கோர்ட்ல நின்னாளா?"

லேப் பெண்ணுக்கு அது தெரியாது. நேற்று இரவும் சீரியலின் ஆரம்பப் பாட்டு முடிவதற்குள் தூங்கிப் போயிருந்தாள்.

"நின்னாம்மா," என்றாள்.

"நின்னுட்டாளா? நெஞ்சழுத்தக்காரிதான். என்ன சொன்னா?"

"மாமா, வீட்ல நீங்க எனக்கு அப்பா மாதிரி. இங்க நீங்க எனக்கு எதிர்த்தரப்பு, அவ்வளவுதான்னு சொன்னா."

சொல்லி முடிக்கும்போது ஊசி உள்ளே போயிருந்தது. ஒரே குத்து. ரத்தம் சமர்த்தாகக் குழாயில் ஏறியது. அவள் மனசுக்குள் அந்தக் கட்டிலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கும்பிடு போடக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்த புதிதில், இதே கையில் அவள் மூன்று இடத்தில் குத்தியும் ஒரு சொட்டு வரவில்லை. அன்று அவளுடைய தள்ளுவண்டியில் கண்ணாடிக் குழாய்கள் வழியெல்லாம் கிணுகிணுத்தன. சக்கரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். நின்ற இடத்திலும் கிணுகிணுத்ததை அவள் கவனிக்கவில்லை. வார்டு சிஸ்டர் கவனித்தார். விஷயம் லேப் இன்சார்ஜ் காதுக்குப் போனது.

"மாசக் கடைசில நானே வந்து பக்கத்துல நிப்பேன்," என்றார் இன்சார்ஜ். "அந்த ஜன்னலோரக் கட்டில்லயே எடுத்துக் காட்டு. ஒரே குத்துல வந்தா வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கம்மா."

மறுநாள் அவள் அந்தக் கட்டிலருகே போய் நின்றபோது அம்மா கையை நீட்டிக்கொண்டே கேட்டார். "ராத்திரி டிவில என்ன பாத்தே?"

அவள் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். சித்தி ஒரு வக்கீல் சீரியல் பார்ப்பாள். "வக்கீல் சீரியல்மா," என்று சொல்லி வைத்தாள்.

"இங்க சுவத்துல இருக்கற டிவி ஓடவே மாட்டேங்குது. எனக்குக் கதையைச் சொல்லேன்."

தெரிந்த ஒரே காட்சியைச் சொன்னாள். ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, முதல் குத்திலேயே ரத்தம் வந்தது.

அவள் உயிர் வேதியியல் படித்தவள். காரணம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அம்மாவுக்கு ஊசி என்றால் பயம். பயந்தால் ரத்தக் குழாய் சுருங்கும். கதை கேட்டால் பயம் மறந்து குழாய் விரியும். கண்டுபிடிப்பை லேபில் எல்லோரிடமும் சொன்னாள். அன்றிலிருந்து ஜன்னலோரக் கட்டிலில்தான் வேலையைத் தொடங்குவாள். அங்கே நன்றாக ஆரம்பித்தால் மற்ற கட்டில்களும் நன்றாகவே போயின.

ஒரே சிக்கல், கதை. அவள் எதையும் முழுசாகப் பார்த்தவள் அல்ல. பக்கத்துக் கட்டில் தையல்காரம்மா ஒருநாள் கேட்டார். "அந்தப் பேய்ப் படம் எப்படி இருக்கு?"

"பேய் வர்ற வரைக்கும் நல்லா இருக்கு."

"வந்தப்புறம்?"

"அப்ப நான் தூங்கிட்டேன்."

"அந்தக் காதல் படம்? ஹீரோ ஹீரோயினுக்கு ரத்தம் குடுப்பானாமே."

"அதை முழிச்சிருந்து பாத்தேன். குரூப்பே பாக்காம பக்கத்துப் பக்கத்துல படுக்க வச்சு ஒரே டியூப்ல ஏத்தறாங்க. நிஜமா அப்படிப் பண்ணா கல்யாணத்துக்குப் பொண்ணே இருக்க மாட்டா."

சினிமா பற்றிய அவளுடைய கருத்துகள் இந்த இரண்டே வகை. ஒன்று, ஆரம்பம் நன்றாக இருந்தது. இரண்டு, இது மருத்துவப்படி தப்பு.

இதை வைத்துக்கொண்டு தினமும் ஒரு சீரியல் ஓட்டுவது லேசா? தூங்காமல் பார்க்க நின்றுகொண்டே பார்த்தாள். சுவரில் சாய்ந்து தூங்கினாள். சித்தியிடம் கதை கேட்டாள். "அவ அழுதா, இவ முறைச்சா, விளம்பரம் போட்டுட்டான்," என்றாள் சித்தி. வேறு வழியில்லாமல் தானே கட்டினாள்.

கெட்டவனான கொழுந்தனை வெளிநாட்டுக்கு அனுப்பினாள். "அடடா, அவன்தான் வீட்டையே கலகலன்னு வச்சிருந்தான்," என்று அம்மா வருத்தப்பட்டார். மறுநாளே விமானத்தில் திரும்ப அழைத்து வந்தாள். திரும்பி வரக் காரணம் வேண்டும் என்பதற்காக மாமனாருக்கு மயக்கம் வரவழைத்தாள். மயக்கத்துக்குக் காரணம் சோடியம் குறைவு.

"ஏம்மா," என்றார் தையல்காரம்மா, "மாமனாருக்கு அம்மா இல்லேன்னு முன்னாடி சொன்னே. இப்ப அவர் தலைமாட்டுல அம்மா உக்காந்து அழறாங்கறே."

"அது சித்தி. அவருக்கு அவங்கதான் அம்மா மாதிரி."

"சரி. உன் சீரியல்ல மட்டும் ஏன் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்காங்க?"

அவள் அவசரமாக மாமியாரை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

இதற்குள் கதை வார்டு முழுக்கப் பரவியிருந்தது. துப்புரவு அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள். எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டியவர்கள், கதை முடியட்டும் என்று சக்கர நாற்காலியைப் பிடித்து நிறுத்தினார்கள். ரத்தம் எடுக்கத் தேவையில்லாத ஒருவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இப்படி ஒரு கதைக்காக ஜனங்க அலையறதப் பாத்து," என்று சிஸ்டர் ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார், "டிவியை ரிப்பேர் பண்ணச் சொல்லிட்டேன். இன்னைக்கு ராத்திரி எல்லாருமே பாக்கலாம்."

மறுநாள்தான் இன்சார்ஜ் வருகிற நாள்.

அன்றிரவு சித்தி வீட்டில் அவள் முதல்முறையாக அந்த சீரியலை முழுசாகப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை. வக்கீல் மருமகள் கோர்ட்டுக்கே போகவில்லை. கொழுந்தன் என்று ஒருவனே இல்லை. யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை.

காலையில் தள்ளுவண்டியின் கிணுகிணுப்பு வார்டு வாசலிலேயே கேட்டது. பின்னால் இன்சார்ஜ் கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"வாம்மா," என்றார் தையல்காரம்மா. "நேத்து டிவில பாத்தோம். மாமனார் கல்லு மாதிரி உக்காந்து சாப்பிடறார். நீ சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே."

லேப் பெண்ணின் கையிலிருந்து ரப்பர் பட்டை நழுவிக் கீழே விழுந்தது. இன்சார்ஜ் அதைப் பார்த்தார்.

"டிவில வர்றது பழைய எபிசோடு," என்றார் ஜன்னலோரக் கட்டில் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஏம்மா, வேற பட்டை எடு. மாமியாரை உள்ள கொண்டு போனாங்களே, பிழைச்சாளா?"

"பிழைச்சுட்டாங்கம்மா," என்றாள் மெதுவாக. "ஆனா ரத்தம் தேவைப்பட்டுது. அபூர்வமான குரூப். வீட்ல யாருக்குமே சேரல."

"மருமகளுக்கு?"

"அவளுக்குத்தான் சேந்துது. கோர்ட்லேர்ந்து கறுப்புக் கோட்டோட ஓடி வந்தா. மாமனார் வாசல்ல நின்னு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார்."

வார்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். குழாய் நிறைந்திருந்தது. எப்போது குத்தினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

இன்சார்ஜ் தலையாட்டினார். "நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாரு. ஆர்டர் ரெடியா இருக்கும்." இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "குரூப் பாத்துட்டுத்தானே ஏத்தினாங்க?"

"பாத்துட்டுத்தான் சார்."

வார்டில் அன்று டிவியை யாரும் போடவில்லை.

மறுநாள் அவள் ஆர்டரோடு ஓடி வந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. காலிலிருந்த புண் ஆறிவிட்டது, வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்றார் சிஸ்டர். மருந்துக் கவுண்டரில் அம்மாவின் மகள் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மா எங்க?"

"கார்ல உக்காந்துட்டாங்க. நீங்கதான் கதை சொல்ற பொண்ணா? உங்களைப் பத்தித்தான் வீட்ல பேச்சு."

"அவங்களாலதான் எனக்கு வேலை நிரந்தரமாச்சுக்கா. நான் கும்பிட்டேன்னு சொல்லுங்க." கண் கலங்குவதை மறைக்க அவள் அவசரமாக வேலை விஷயத்துக்கு வந்தாள். "அப்புறம் ஒண்ணு. அம்மாவுக்கு ஊசின்னா உள்ளுக்குள்ள ரொம்ப பயம். வெளியில காட்டிக்க மாட்டாங்க. இனிமே யார் ரத்தம் எடுத்தாலும் ஒரு சீரியல் கதை சொல்லச் சொல்லுங்க. பயம் தானா போயிடும்."

மகள் அவளை ஒரு கணம் அன்பாகப் பார்த்தாள்.

"அம்மா ஜென்மத்துல ஒரு சீரியல் பாத்தது கிடையாதும்மா. டிரைவிங் ஸ்கூல் நடத்துறாங்க. புதுசா ஸ்டியரிங் புடிக்கறவங்களுக்குக் கை நடுங்கினா, பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு இப்படித்தான் கதை கேப்பாங்க."