ஆவி பிடித்த மாப்பிள்ளை

செல்வராஜின் நுரையீரல், ஜோடி ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் பேரம் படிந்தது.

திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயக்குமார், சென்னையிலிருந்து வாங்கி வந்த கரண்டு சிகரெட்டை அந்த விலைக்குக் கொடுத்திருந்தான். இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும். வாயிலிருந்து வெள்ளையாக வரும். உள்ளே மாட்டும் திரவக் குப்பி தீர்ந்தால் அவனிடமே வாங்க வேண்டும். 2009இல் திருப்போரூரில் அது அதிசயம்.

செல்வராஜ் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் தொப்பி விற்பவன். மனைவி சுஜாதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"சிகரெட்டு புடிக்கிற கையால எம்புள்ளயத் தூக்கவுட மாட்டேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஆகவே சிகரெட் பாக்கெட்டைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு, புதியதை அவள் எதிரிலேயே இழுத்தான்.

"இன்னா அது?"

"ஆவிம்மா. சளிக்கு வெந்நீர்ல நொச்சி போட்டுப் புடிக்கிறோமே, அதான். இது கரண்டுல."

"சிகரெட்டு மாரி கீதே."

"ஆவி புடிச்சி யார்னா செத்துகீறாங்களா?"

நாற்றமில்லை, சாம்பலில்லை. சுஜாதா விட்டுவிட்டாள். முதல் வாரம் அவனுக்குத் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். "பழைய புகை வெளிய போவுது" என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, மகளை அழைத்துப் போக மதுராந்தகத்திலிருந்து மாமனார் சடையப்பன் வந்தார். மூக்கடைப்போடு வந்தார்.

"மாப்ள, ஆவி மிஷினு வச்சிகீறியாமே. குடு, ஒரு இழுப்பு."

மாமனார் வந்தால் தீப்பெட்டியைக்கூட ஒளித்துவைக்கிறவன் செல்வராஜ். ஆனால் தயங்கினால், ஆவிக்கு எதற்கு வெட்கம் என்று சுஜாதா கேட்பாள். மருந்து வாசம் இருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமென்று, குப்பிக்குள் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் கொடுத்தான்.

போர்வை இல்லாமல் ஆவி பிடித்து சடையப்பனுக்குப் பழக்கமில்லை. தலையோடு போர்த்திக்கொண்டார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பிறகு போர்வை இருமத் தொடங்கியது.

"மெதுவா மாமா."

"தண்ணி குட்றா டேய்."

மாப்பிள்ளை மரியாதை இருமலோடு போயிற்று. தண்ணீருக்கும் அடங்காமல் மூச்சு விசிலடித்தது. ஆட்டோவில் போட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

அவர் மூச்சை ஒருவழியாகச் சீராக்கிவிட்டு, கரண்டு சிகரெட்டை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெயை யாராவது நுரையீரலுக்குள்ள இழுப்பாங்களா?"

"ஆவிதானே டாக்டர்..."

"வெந்நீர் ஆவி வேற, இது வேற. இது ரசாயனத்தைச் சூடாக்கி வர்றது. எந்த வாசனை போட்டாலும் நுரையீரலுக்கு ஆகாது. பத்தாததுக்கு சாதாரணமா இதுல நிக்கோட்டின் வேற இருக்கும். சிகரெட்டுல ஆளை விடாம பிடிச்சு வைக்குதே, அது."

வாசலுக்கு வந்ததும் சுஜாதா அவன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மாசமா எம்மூஞ்சிக்கு நேரா சிகரெட்டுதான் புடிச்சிகினு இருந்தியா?"

"சத்தியமா ஆவின்னுதான் நெனச்சேன்."

"நைனா, கெளம்பு. புள்ள பொறந்தா இவருக்கு ஒரு போட்டோ அனுப்பிடு, போதும்."

பஸ் ஸ்டாண்டில் மதுராந்தகம் பஸ் இன்னும் வரவில்லை. செல்வராஜ் இருவரையும் கெஞ்சிக் கூத்தாடி ஜெயக்குமார் கடைக்கு நகர்த்தினான். அயோக்கியன் இல்லை, ஏமாந்தவன்தான் என்றாவது நிரூபிக்க வேண்டும்.

"டேய், குப்பில நிக்கோட்டின் கீதுன்னு ஏன்டா சொல்லல? ஒன்ன நம்பி மாமாவுக்கும் தைலம் போட்டுக் குடுத்து, இருமி இருமி உசுரு போவப் பாத்துது. இவ எம்புள்ளய காட்ட மாட்டேங்குறா."

ஜெயக்குமார் கையிலிருந்த செல்போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தான்.

"நிக்கோட்டின் போட்ட குப்பி வெல ஜாஸ்தி அண்ணாத்த, நீ அடிச்ச பேரத்துக்கு மொத நாள்லேர்ந்து நிக்கோட்டின் இல்லாத குப்பிதான் போட்டுகினு கீறேன், ரெண்டு மாசமா நீ சிகரெட்ட உட்டது என் கணக்கு, மாமா இருமுனது உன் கணக்கு."