கிரேன் அண்ணன் வாங்கிய பழைய கேமரா

போர்ட் பிளேரில் ஒரு மனிதனின் உச்சந்தலையை மட்டும் பார்த்து, அவன் யார், எந்த ஊர், காலையில் எண்ணெய் வைத்தானா இல்லையா என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். முகத்தைக் காட்டினால்தான் அவருக்குக் குழப்பம் வரும். "கொஞ்சம் குனி" என்பார். குனிந்தால், "அட, நீயாலே" என்பார்.

அவர் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பிள்ளைகளே. இருபது வருஷமாக உலகத்தை மேலிருந்தே பார்த்தவர். தமிழர்கள் கிரேன் அண்ணன் என்றோம். வங்காளிகள், அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் 'தா'வைச் சேர்த்து, கிரேன்-தா என்றார்கள். சொந்தப் பெயர், தூத்துக்குடியில் அவரைப் பெற்றவர்களுக்கும் ஆபீஸ் ரெஜிஸ்டருக்கும் மட்டுமே தெரியும். நான் அவருக்குக் கீழே, நிஜமாகவே கீழே நின்று, கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன்.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணுக்கு ஊர் கச்சால் தீவு. அவள் அப்பா அங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் சரிவில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கப்பல் ஏற வழியில்லை. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, எங்க வூட்டுல இருந்த படம் அத்தனையும் கடல் கொண்டு போயிருச்சு. கல்யாணத்துக்கு வந்த சனம் அம்புட்டும் ஒரே படத்துல இருக்கணும். ஒரு ஆளு கொறையக் கூடாது. அதப் பாத்தா நானும் வந்த மாதிரி."

ஸ்டூடியோக்காரரிடம் ஓடினேன். முகூர்த்த நாளுக்கு அவர் கையில் ஏற்கெனவே இரண்டு கல்யாணம். வந்தாலும் முடியாது என்றார். நூறு பேரை நிற்கவைத்தால் முன்னால் இருப்பவன் தலை பின்னால் இருப்பவன் முகத்தை மறைக்குமாம். மறுநாள் சாப்பாட்டு வேளையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். கிரேன் அண்ணன் தூக்குச்சட்டியை மூடினார்.

"மேல இருந்து எடுத்தா எவன் தலையும் எவனையும் மறைக்காதுலே. படம் என் பொறுப்பு."

"உங்ககிட்ட கேமரா இருக்கா அண்ணே?"

"இல்ல. எடுக்கவும் தெரியாது. அது வேற விசயம்."

கடையில் புது டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரிகள் ட்ரான்ஸ்பர் ஆனதும், விற்பதற்கு உள்ளதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒட்டுவார்கள். அப்படி ஒரு தாளில், வாஷிங் மெஷினுக்கும் ரோஜாத் தொட்டிகளுக்கும் நடுவில் ஒரு கேமராவும் இரண்டு லென்சும் இருந்தன.

அதிகாரி இந்திக்காரர். "சிர்ஃப் சார் சால் புரானா ஹை" என்றார். நாலே வருஷப் பழசாம்.

"சால் சோடோ சாப்," என்றார் அண்ணன். "கித்னா பார் உட்டாயா, வோ போலோ."

வருஷத்தை விடுங்கள், எத்தனை தடவை தூக்கியது என்று சொல்லுங்கள் என்று கேட்கிறார். கிரேனுக்கு வயது அப்படித்தான் பார்ப்பார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமராவுக்கும் அந்தக் கணக்கு உண்டாம். உள்ளே இருக்கும் ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்பதுதான் அதன் வயதாம். இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று அண்ணனுக்கு நாற்காலி போட்டார்.

அந்தக் கணக்கைப் பார்க்க, கேமராவில் எடுத்த ஒரு படத்தை இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் தீவில் இன்டர்நெட் என்பது ஆமை முட்டையிட வருவது மாதிரி. வரும், அவசரப்படாது. பிரவுசிங் சென்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுக்க ஒரே ஒரு படம் ஏறியது. கடைசியில் எண் வந்தது. இருபத்திரண்டாயிரம். இந்த மாதிரிக் கேமரா ஒரு லட்சம் வரைக்கும் தாங்கும் என்றார் சென்டர்க்காரர்.

"அப்ப இது மீசை மொளைக்காத பய. எடுத்துரலாம்."

எடுத்துவிடவில்லை. கிரேனை அது தூக்க வேண்டிய எடைக்கு மேல் எடை தொங்கவிட்டுத்தான் பாஸ் பண்ணுவார்கள். ஆகவே கேமராவின் கழுத்து வாரைக் கழற்றி, அதிகாரியின் மாமரத்தில் கட்டி, அதில் ஒரு பக்கெட் தண்ணீரை ஒரு மணி நேரம் தொங்கவிட்டார். அதிகாரியின் மனைவி, இவர் கேமரா வாங்க வந்தாரா, மரத்தை வாங்க வந்தாரா என்று இந்தியில் கேட்டார். வார் பாஸ்.

அடுத்தது டார்ச். எங்கள் தீவில் செருப்பு, பெல்ட், அப்பளம் எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். லென்சுக்குள்ளும் பூக்கும். தூரத்தை இழுத்துக் காட்டும் பெரிய லென்சுக்குள் வெளிச்சம் அடித்தார். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடு. சின்ன லென்ஸ் சுத்தமாக இருந்தது. அதை மட்டும் வாங்கினார். விலையும் பாதியாய் இறங்கியது.

"ஆனா இது சின்ன லென்ஸ் அண்ணே. நூறு பேர் இதுல அடங்குவாங்களா?"

"அடங்கலன்னா இன்னும் மேல போவேன். மேல போறதுக்கு என்னலே பஞ்சம்?"

மீதியிருந்த நாளெல்லாம் பழகினார். எங்கிருந்து? கிரேன் கூண்டிலிருந்துதான். முப்பத்தாறு படம் பிரிண்ட் போட்டு வந்தார். முப்பத்தாறும் உச்சந்தலை. துல்லியமாக, ஒவ்வொரு மயிரும் தெரியும்படி. அவரவர் தலையை அவரவர்க்குப் பரிசாகக் கொடுத்தார். எங்கள் சூப்பர்வைசர் தன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை.

"இது எப்ப இருந்து?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு வருசமா இருக்கு சாப். நான் தெனமும் பாக்கேன்."

மாமனாருக்கு நூறு உச்சந்தலை போய்ச் சேர்ந்தால் என்ன சொல்வார்?

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் விசில் சத்தம் கேட்டது. மண்டபத்துக்குப் பின்னால் நாலு மாடி உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் இரும்பு ஏணியில் பட்டு வேட்டியோடு கிரேன் அண்ணன் ஏறிக்கொண்டிருந்தார். மேலே போய், இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்பு பெல்ட்டைக் கம்பியில் மாட்டினார். கையை நீட்டினார்.

தினமும் கீழே நிற்பவன்தான் கைச்சைகை காட்டுவான், மேலே இருக்கும் கிரேன் கேட்கும். அன்றைக்கு மேலே இருந்தவர் காட்டினார். எங்கள் துறைமுகத்து ஆட்கள், வங்காளியும் தெலுங்கரும் ராஞ்சிக்காரரும், ஒரு வார்த்தை கேட்காமல் நகர்ந்தார்கள். இடது. மெல்ல. நில். அவர்களைப் பார்த்து உறவினர்களும் நகர்ந்தார்கள். இரண்டே நிமிஷத்தில் மொத்தக் கல்யாணமும் மூட்டை அடுக்கியது போல் அடங்கிவிட்டது.

கேமராவைக் கண்ணில் வைத்தவர் இறக்கினார்.

"ஏலே, சௌல்தாரி மாமா மண்டையக் காணோம். சமையக்காரரு மண்டையும் இல்ல. கூட்டிட்டு வா."

சௌல்தாரியில் தோட்டம் வைத்திருக்கும் என் தாய்மாமன் அப்போது பந்தியில் இருந்தார். சாம்பார்க் கையோடு வந்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்தார்.

"இப்ப சரி. எல்லாரும் என்னைப் பாரு."

பார்த்தோம். தொண்ணூற்றேழு பேர், வெயிலில் கண்ணைச் சுருக்கி, புளியைக் கடித்த முகத்தோடு. அவர் இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்தார். எங்கள் தீவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு வேட்டியோடு உயரத்தில் நிற்கக்கூடாது. கடல் காற்று வந்தது. வேட்டி அவிழ்ந்தது. கப்பல் பாய் மாதிரி விரிந்து, ஆடி அசைந்து இறங்கி, எங்கள் சூப்பர்வைசரின் தலையில், சரியாக அந்த நாணயத்தின் மேல் உட்கார்ந்து, முகத்தையும் மூடியது.

மேலே கிரேன் அண்ணன், காக்கி அரை டிராயரோடு, கொஞ்சமும் அசையாமல் நின்றார். கிளிக் என்றது.

படம் கப்பலேறிக் கச்சாலுக்குப் போனது. பத்து நாள் கழித்து மாமனார் போன் செய்தார்.

"விரலு வச்சு எண்ணிப் பாத்தேன் தம்பி. தொண்ணூத்தாறு மொகம், ஒரு வேட்டி. ஒரு ஆளு கொறையல. அழுற மொகம் ஒண்ணு கூட இல்ல. ஆனா படம் புடிச்சவரு எங்க? அவரக் காணோமே."

அந்தப் படம் இப்போதும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அதில் கிரேன் அண்ணன் இல்லைதான். ஆனால் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பது அவரைத்தான்.