பொரியாத அப்பளம்

புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று அறிவித்தார்.

"பூவு, பிக்கப் வண்டி அவுட்டு. பெட்ரோல் பம்ப்பு போயிடுச்சி. காதுகுத்து அடுத்த வருசம்தான்."

பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்து, ஏலத்தில் எங்களிடம் வந்த வண்டி அது. தேர்வாய் கண்டிகையிலிருந்து கத்திரிக்காய் மூட்டையும் ஏற்றும், இவர் ஜம்பத்தையும் ஏற்றும். வெள்ளிக்கிழமை அதில்தான் கவரைப்பேட்டைக்குப் போய், என் தம்பி குப்புராஜ் மடியில் எங்கள் குழந்தை செல்வியை உட்கார வைத்துக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் கம்மல் கூட வாங்கிவிட்டான்.

"மாட்டு வண்டி கட்டுங்களேன்."

"சொந்த வண்டி வெச்சிக்கினு மாட்டு வண்டில போய் எறங்கறதா? என் மானம் இன்னா ஆவறது?"

"உங்க மானம் மட்டும் பம்ப்பு இல்லாமலே ஓடுதா?"

முறைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் அப்பளம் பொரித்தேன். டப்பாவில் ஒன்று மட்டும் தடிமன். ஓரமெல்லாம் ஓட்டை, நடுவிலும் ஓட்டை. பூச்சி அரித்திருக்கும் என்று எண்ணெயில் போட்டேன். உப்பவில்லை. சுருண்டது. புகைந்தது. பக்கத்து வீட்டு கங்கம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னாடி, கொழம்புல லாரி உழுந்திச்சா?"

கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் பூசிய துணி வட்டம், டயாப்பரம் என்பார்களே அது. பம்ப்புக்குள் இது ஏறி இறங்கினால்தான் டாங்கியிலிருக்கும் பெட்ரோல் இஞ்சினுக்குப் போகும். போன வருசம் இவரே கழற்றிக் காட்டி எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். இவரே கழற்றி அப்பள டப்பாவில் ஒளித்திருக்கிறார். அப்படியென்றால் போனது பம்ப்பு இல்லை, வந்ததுதான் பம்மாத்து!

காரணம் எனக்குத் தெரியும். போன மாசம் செல்விக்கு அம்மை குத்தினார்கள். குழந்தை அழுதது. மயங்கி விழுந்தது இவர். அன்றிலிருந்து ஊசி என்றாலே இவருக்கு வேர்க்கும். நேரே கேட்டிருந்தால் மனுஷன் கூசிப் போயிருப்பார். எனக்கு மனசு வரவில்லை. அதற்காகப் பெண் குழந்தையை மூளிக் காதோடு வளர்க்க முடியுமா?

கங்கம்மா புருஷன் கும்மிடிப்பூண்டி சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கருகிய வட்டத்தை மெக்கானிக் ஹனீப் பாயிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். போகிற வழியில் என் தம்பிக்கும் ஒரு சேதி: வெள்ளிக்கிழமை காலையில் கவரைப்பேட்டை ஸ்டேஷன் கிட்ட வந்து நிற்க வேண்டும்.

மறுநாள் ஹனீப் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்கள யாரு பாய் கூப்ட்டது?"

"இந்தப் பக்கமா வந்தேன் நைனா. வண்டி பேஜாராமே? ஹேண்டில புடிச்சி சுத்து."

பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாயை பாய் கழற்றிப் பிடிக்க, இவர் சட்டை நனையச் சுற்றினார். சொட்டு பெட்ரோல் வரவில்லை. பாய் பம்ப்பைத் திறந்தார்.

"உள்ள டயாப்பரமே இல்லியே?"

"தேஞ்சி... கரைஞ்சி பூட்டிருக்கும் பாய்."

"கரையறதுக்கு அது இன்னா வெல்லமா?"

பாய் தன் பையிலிருந்து புதுசை எடுத்து மாட்டினார். அடுத்த சுற்றில் பெட்ரோல் இவர் சட்டையிலேயே பீச்சியடித்தது.

"புது சாமான். நடு வழில நின்னுட்டா? கொழந்தய எப்டி ஏத்தறது?" என்று இவர் முனகினார்.

"அதானே!" என்றேன் நான். "நாளைக்கு நீங்க மட்டும் கவரைப்பேட்டை வரைக்கும் ஓட்டிப் பாத்துக்கினு வாங்க. காதுகுத்த அப்புறம் பாத்துக்கலாம்."

இவர் முகத்தில் லைட்டு எரிந்தது. பாய் போனதும், மெதுவாக வந்து அப்பள டப்பாவைத் துழாவினார்.

"பசிக்குதா?" என்றேன்.

பட்டென்று மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சீட்டியடித்துக்கொண்டு போனவர், ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பினார். கூடவே குப்புராஜும், கையில் சின்னப் பையோடு ஒரு பெரியவரும்.

இவர் என் காதில், "வழியெல்லாம் நின்னு நின்னு வந்துச்சி பூவு. இந்த பம்ப்ப நம்பி கொழந்தய ஏத்த முடியாது" என்றார்.

"எங்க மாமா நின்னுச்சி? கோழிங்கள்லாம் பறந்துச்சே!" என்றான் தம்பி.

"ஆமா, பெரியவரு யாருங்க?" என்று இவரைக் கேட்டேன்.

"பாவம், ஸ்டேஷன் கிட்ட குப்புராஜோட நின்னுக்கினு இருந்தாரு. நம்ம ஊர்ல ஏதோ வேலையாம். நான்தான் முன் சீட்டுல குந்த வெச்சி இட்டாந்தேன்."

பெரியவர் பாயில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். ஊசி. தங்கக் கம்பி.

"கொழந்தய எடுத்தாங்கம்மா."

"பத்தரா!" என்று இவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

தாய்மாமன் மடியில் செல்வி 'வீல்' என்றாள். வெல்லத்தை வாயில் வைத்ததும் நிறுத்திவிட்டாள். கூடவே அழுத இவர் கண்ணில்தான் தண்ணீர் நிற்கவில்லை.

"அக்கா, இந்த பம்ப்பு நல்லா வேல செய்யுது" என்றான் குப்புராஜ்.

செல்வி அப்பாவை உற்றுப் பார்த்தாள். தன் வாயிலிருந்த வெல்லத்தை எடுத்து அவர் வாயில் திணித்தாள். அப்புறம்தான் அடங்கினார்.

எல்லாருக்கும் இலை போட்டேன். அப்பளம் விழுந்ததும் இவர் கை நடுவில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தைரியமா கடிங்க," என்றேன். "இது பொரிஞ்சிடுச்சி."