கொதித்த பிக்கப்பும் காதுகுத்துச் சீரும்

நான் இயற்பியல் ஆசிரியர். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். அழுத்தத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால் அதுவரை அடங்கிக் கிடந்த நீர் ஒரே பாய்ச்சலாக ஆவியாகும் என்று பதினெட்டு ஆண்டுகளாகப் பதினோராம் வகுப்புக்கு நடத்திவருகிறேன். கரும்பலகையில் பிரஷர் குக்கர் படம்கூட அழகாகப் போடுவேன். அப்படிப்பட்ட நான்தான், கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியை என் கையாலேயே திறந்தேன். (என் மாணவர்கள் பாடப்புத்தகத்தைத் தவிர எதையும் படிக்க மாட்டார்கள், அதையும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

அன்று என் தங்கை செல்வியின் ஒரு வயது மகள் இனியாவுக்குக் காதுகுத்து. சாணார்பட்டியைத் தாண்டி, அவள் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். இனியாவுக்கு நான் ஒரே மாமன். நல்ல நேரம் பத்தரை மணியோடு முடிகிறது.

தென்னந்தோப்புக்காக வைத்திருந்த எங்கள் பழைய பிக்கப்பில் சீர்வரிசையை ஏற்றினோம். மனைவியும் சொந்தக்காரர்களும் மேளக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். பிக்கப்பை நான் ஓட்ட, பக்கத்தில் என் மகள் கயல். அப்போது அவள் பிளஸ் டூ. வண்டி அவளைவிட மூன்று வயது மூத்தது. வண்டியின் முகப்பில், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே, கம்பி போட்டு இறுக்கி ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தேன். ‘அன்புத் தாய்மாமன் சீர்’ என்று கொட்டை எழுத்து. கீழே கறுப்புக் கண்ணாடி அணிந்த என் முகம். மூலையில் தபால்தலை அளவில் இனியா. (காது குழந்தையுடையது, படம் மாமனுடையது. ஊர் வழக்கம் அப்படி.)

திண்டுக்கல்லைத் தாண்டி நத்தம் சாலையில் வேகம் பிடித்ததும் வெப்பமானியின் முள் மேலே கிளம்பியது.

“அப்பா, முள்ளு ஏறுதுப்பா.”

“வெயில்மா. நம்மளுக்கே சுடலையா?”

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஓரங்கட்டினேன். பானெட்டைத் தூக்கிவிட்டு, அறுவை சிகிச்சைக்கு வந்தவனைப் போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். ரேடியேட்டருக்குப் பக்கத்து டப்பாவில் தண்ணீர் இருந்தது. மின்விசிறி சுற்றியது. பெல்ட் விறைப்பாக இருந்தது. எங்கும் ஒழுகலில்லை. செத்த நேரத்தில் முள் தானாக இறங்கியது. “அம்புட்டுத்தான்” என்று கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முள் மறுபடியும் சிவப்பில் நின்றது.

மணி ஒன்பதரை. இந்த முறை பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது.

கயல் தன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்து, எனக்குத் தெரியும்படி என்ஜினுக்கு மேல் குனிந்து நீட்டிக்கொண்டு நின்றாள். “சூடா இருக்கறப்ப மூடியத் தொறக்கவே கூடாதுன்னு சொல்றாங்கப்பா.”

“எனக்கே பிசிக்ஸா? துண்டு போட்டுத் தொறந்தா ஒண்ணும் ஆகாது.”

அந்த நேரம் பார்த்து வண்டிக்குள் என் போன் அடித்தது. “அத்தையாத்தான் இருக்கும்” என்று கயல் நகர்ந்தாள். நான் மூடியின் மேல் துண்டைப் போட்டுத் திருகினேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் சொல் போதவில்லை. துண்டும் மூடியும் எங்கே போயின என்று தெரியாது. பூமிக்குள் அடைத்து வைத்திருந்த எதையோ நான் அவிழ்த்துவிட்டதைப் போல ஒரு வெந்நீர்த் தூண் எழுந்தது. என் தலையைத் தாண்டி, திறந்திருந்த பானெட்டில் மோதி, அங்கிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கொட்டியது. துருநிறமும் பச்சையும் கலந்த நீர். அதன் ஓரத்தில், வெயில் பட்டு, ஒரு சின்ன வானவில். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு காலமும் இதன் மேலேயா உட்கார்ந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு, தேங்காய் ஏற்றிப் போனேன்?

பிறகுதான் அது கொட்டிய இடத்தைப் பார்த்தேன். கயல் குனிந்து நின்ற இடம்.

எனக்கு மணிக்கட்டில் காசளவு ஒரு புண், சட்டை முழுக்கத் துருத் தண்ணீர், அவ்வளவுதான். கால்கள் மட்டும் நடுங்கத் தொடங்கின. நிற்கவேயில்லை. கயல் ஓடி வந்து போனைக் கொடுத்தாள்.

“அண்ணே, எங்க வாரீங்க? பாப்பாவுக்கு மொட்டை போட்டாச்சு. ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு.”

“செல்வி, வண்டி வெடிச்சிருச்சு. நேரத்தோட வர முடியாது. மாப்ள மடியில வச்சு நடத்திருங்க.”

“என்ன பேசுறீங்க? எங்க அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில அவரு மடி எதுக்கு? எம்புள்ளைக்குக் காதே குத்தாட்டியும் பரவாயில்ல. நின்ன இடத்துலயே நில்லுங்க!” போனை வைத்துவிட்டாள்.

நான் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் வேலையெல்லாம் கயலுடையது. என்ஜின் ஆறும்வரை யாரையும் (என்னைத்தான்) கிட்டே விடவில்லை. சீர்க்குடத்தின் மேலிருந்த தேங்காயை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து மல்லிகைத் தோட்டத்து மோட்டாரில் தண்ணீர் பிடித்து வந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து நிதானமாக ஊற்றி நிரப்பினாள். எதிர்ப்புறக் கருவேல முள்ளுக்குள் கிடந்த மூடியைத் தேடி எடுத்து வந்து மூடினாள்.

“நிக்கிறப்ப ஆறுது, ஓடுறப்ப ஏறுது. தண்ணி இருந்துச்சு, விசிறி சுத்துது. அப்ப காத்துதான்பா வரல. ஸ்டார்ட் பண்ணுங்க.”

ஸ்டார்ட் செய்தேன். அவள் முன்னால் போய்ப் பார்த்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா?”

“வந்து பாருங்க. உங்க மூஞ்சிதான்.”

போய்ப் பார்த்தேன். மின்விசிறி இழுத்த இழுப்பில் ஃபிளெக்ஸ் உள்வாங்கி, முகப்புக் கம்பிகளோடு ஒட்டிக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே என் இரண்டு கன்னங்களும் பத்து நாள் பட்டினி கிடந்தவனைப் போலக் குழிந்திருந்தன. என்ஜின் மூச்சுக்குத் தவித்த அத்தனை தூரமும் அதன் வாயைப் பொத்திக்கொண்டு வந்தது என் முகம். வெப்பச்சலனம் என்ற பாடத்தையும் நான்தான் நடத்துகிறேன்.

ஃபிளெக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மேளச் சத்தம் கேட்டது. கோயிலிலிருந்து வேன் வந்துகொண்டிருந்தது. வண்டி நிற்பதற்குள் செல்வி குதித்து இறங்கினாள், இடுப்பில் மொட்டைத் தலை இனியாவோடு. பின்னால் என் மனைவி, மாப்பிள்ளை, ஆசாரி, மேளம். சீர் கோயிலுக்குப் போகவில்லை. கோயிலே சீரைத் தேடி நத்தம் சாலைக்கு வந்துவிட்டது.

“உக்காருங்கண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு!”

பிக்கப்பின் பின்கதவை இறக்கி, அதில் என்னை உட்கார வைத்து, ஈரச் சட்டையின் மேல் குழந்தையை வைத்தார்கள். ஆசாரி ஊசியோடு குனிந்தார்.

“சார், தொடைய ஆட்டாதீங்க.”

“நான் ஆட்டலைங்க. அதுவா ஆடுது.”

“குத்தப்போறது பாப்பாவுக்கு சார். நீங்க ஏன் பயப்படுறீங்க?”

எதிரே கயல் முழுசாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க நடுக்கம் கூடியது. வலது காது சரியாக அமைந்தது. இடது காதில் ஊசி இறங்கிய நொடியில் என் முழங்கால் ஒரு துள்ளு துள்ளியது.

இனியாவுக்கு இப்போது ஏழு வயது. அவளுடைய இடது ஜிமிக்கி, வலதைவிட ஓர் அரிசி அளவு தாழ்ந்து தொங்கும். பள்ளியில் டீச்சர் காரணம் கேட்டபோது, “எங்க மாமா வண்டி சூடாயிருச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். டீச்சருக்கு என்ன விளங்கியதோ. செல்வி இந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷமும் முடிவதில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே, கயல் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.