மச்சாக்கா கடித்ததாக ஊர் சொல்வது பற்றி

நெய்வா நகரத்தில், கர்மேல் மாதாவின் காவலில், மூட்டுவலி நீங்கலாக மற்ற எல்லாப் பாக்கியமும் பெற்று வாழும் தங்கை ரொஸ்மிராவுக்கு, ககெத்தா ஆற்றங்கரையிலிருந்து அக்கா எதெல்வினா எழுதிக்கொண்டது. இங்கே நானும், பேத்தி யுரானியும், பதினொரு கோழிகளும் மாதா புண்ணியத்தில் சுகம். பன்னிரண்டாவது கோழி எங்கே போனது என்பதைக் கடைக்கார ஒதிலியாவைத்தான் கேட்கவேண்டும். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. உன்னோடு பேச்சை விட்டு ஐம்பத்தோரு வருஷமாகிறது. திடீரென்று கேட்டால் உனக்கு நெஞ்சடைத்துவிடும்.

இந்தக் கடிதம் எதற்கென்றால், அந்த ஒதிலியா இதற்குள் உனக்கு போன் போட்டிருப்பாள். அவள் சொன்னதை நம்பாதே. நான் செய்தது மானங்கெட்ட காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்கிற அளவுக்கு இல்லை. அதில் முக்கால்வாசிதான் இருக்கும்.

யுரானி பூச்சிகளைப் படம் பிடிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்து மரத்தடியில் குப்புறப் படுத்துக்கிடக்கிறாள். செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்து எடுப்பதெல்லாம் ஏமாற்று வேலையாம், உயிரோடு, அது உட்கார்ந்த இடத்திலேயே, அதன் முகத்துக்கு நாலு விரற்கடைத் தூரத்தில் போய் எடுக்கவேண்டுமாம். விடியும்போதே போய்விட வேண்டும், அப்போதுதான் குளிரில் விறைத்துப் பனித்துளியோடு அசையாமல் இருக்கும், வெயில் பட்டால் பறந்துவிடும். கண்ணைத் தெளிவாக எடுத்தால் மீசை மங்கிப்போகிறது, மீசையை எடுத்தால் கண் போய்விடுகிறது, அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு மயிரிழை மயிரிழையாக முன்னால் நகர்கிறாள். கேமராவின் விளக்கு பளீரென்று அடித்தால் பூச்சியின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், நடுவில் வெள்ளைத் துணி பிடித்தால் வெளிச்சம் மெத்தென்று விழும். அந்தத் துணி என் தலையணை உறை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். என் தலையணை உறையை நான் யாரிடமும் தனியாக அனுப்பமாட்டேன், பாவாடை இரவல் கொடுத்துப் பட்டவள் நான் என்பது உனக்குத் தெரியும்.

ஒன்பது நாளாக அவள் மச்சாக்காப் பூச்சிக்காக அலைந்தாள். உங்கள் ஊர்ப் பண்பாட்டு மன்றத்தில் ஒரு படக்காட்சி வைக்கிறார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் படம் போய்ச் சேரவேண்டுமாம். மச்சாக்காவை நீ மறந்திருக்கமாட்டாய். மரப்பட்டை போல் உடம்பு, உரிக்காத நிலக்கடலை போல் தலை, அந்தத் தலையில் முதலைப் பல் வரைந்த மாதிரி ஒரு கோடு. அது கடித்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆண்துணை சேர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது. அம்மா நம் இருவருக்கும் இதை ஞானோபதேசத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தாள். யுரானியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“அம்மாச்சி, அதுக்குப் பல்லே கிடையாது. மரச்சாறு உறிஞ்ச ஒரு குழாய் இருக்கு, அதையும் வயித்துக்குக் கீழ மடிச்சு வச்சிருக்கும்.”

“பல் இல்லாததுக்கு எதுக்குடி அப்படி ஒரு வாய்?”

“பல்லியை மிரட்ட.”

“பல்லியை மிரட்டுறதுக்கு இவ்வளவு தூரம் படிக்கணுமா?”

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றோரத்து மரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. தலையணை உறையின் ஒரு முனையைக் கம்பியில் கட்டி, மறு முனையை என் சட்டைக் கையோடு ஊக்கு குத்தி, மூச்சுவிடாமல் நின்றேன். அவள் நகர்ந்தாள், நகர்ந்தாள், கேமராவே அதன் மூக்கில் இடித்துவிடும் போலிருந்தது. அது சட்டென்று இறக்கையை விரித்தது. உள்ளே ஆந்தைக் கண் மாதிரி இரண்டு பெரிய கண்கள். அடுத்த கணம் எழும்பி என் கையில் வந்து உட்கார்ந்தது. சுருக்கென்று ஒரு கடி.

“யுரானி, கடிச்சிருச்சுடி.”

“அசையாதீங்க அம்மாச்சி.”

“நான் சாகப்போறேன்.”

“சாகலாம், முழங்கையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க. வெளிச்சம் நல்லா இருக்கு.”

பதினான்கு படம் எடுத்தாள். எண்ணிக்கொண்டே நின்றேன். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து வெல்லத்தண்ணீர் குடித்தேன். கை கடுத்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷமாக என் வாசற்படியில் ஆண் நிழல் விழுந்ததில்லை என்று ஊர் முழுக்க நானே சொல்லி வைத்திருக்கிறேன். செத்தாலும் சாவேன், மானத்தை விடமாட்டேன் என்று முடிவு செய்து, கறுப்பு உடுப்பை உடுத்தி, ஜெபமாலையைக் கையில் எடுத்துக் கட்டிலில் படுத்தேன். எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. ஒன்பதரைக்கு எழுந்து தலை வாரினேன். ஏன் வாரினேன் என்று கேட்காதே. பத்து மணிக்கு நான் நின்றது குமெர்சிந்தோ வீட்டு வாசலில்.

ஆமாம், அதே குமெர்சிந்தோதான். சான் பெத்ரோ திருவிழாவில், என்னை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, என் பாவாடையை உடுத்திக்கொண்டிருந்த உன்னிடம் கைக்குட்டை நீட்டி ஆடப்போன குமெர்சிந்தோ. அதற்குப் பிறகு அவரும் பிழைக்க இந்தப் பக்கம்தான் வந்தார். முப்பத்திரண்டு வருஷமாக எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் சேணம் தைக்கிறார். ஒரு நாள்கூட நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டும்போது தூணுக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

“மச்சாக்கா கடிச்சிருச்சு,” என்றேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“எப்ப?”

“ஆறு மணிக்கு.”

“அப்ப இன்னும் நேரம் இருக்கு. உட்காரும்மா, காப்பி போடுறேன்.” பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “எதெல்வினா, உன்கிட்ட மறைக்கக்கூடாது. எனக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு உள்ள ஆணி வச்சிருக்கு. மாடிப்படி ஏறவே டாக்டர் வேண்டாம்னுட்டாரு.”

“நான் என்ன மாடிப்படியா?”

“அதில்ல. கையைப் பிடிச்சுக்கிட்டா போதுமான்னு பார்ப்போம். பத்தலைன்னா சாமியாரைக் கேட்போம்.”

கதவைத் திறந்தே வைக்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மூடினால் ஊர் என்ன பேசும் என்ற பயம். திறந்து வைத்ததால் ஊரே பார்த்தது. முதலில் ஒதிலியா, அவள் பின்னால் ரொட்டி வாங்க வந்தவர்கள், அவர்கள் பின்னால் பள்ளிக்கூட இடைவேளையில் ஓடிவந்த பிள்ளைகள். நாங்கள் இரண்டு நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

“எதெல்வினா அக்கா, இப்ப எப்படி இருக்கு?” என்று ஒதிலியா வாசலிலிருந்து கேட்டாள்.

“கோழியைத் திருப்பிக் குடு, சொல்றேன்,” என்றேன்.

அப்போது அவர் குனிந்து மெல்லச் சொன்னார், ரொஸ்மிரா. நான் தலையணை நனைய யோசித்துவிட்டுத்தான் இதை உனக்கு எழுதுகிறேன். “அன்னைக்கு முதுகைத்தான் பார்த்தேன். நீ தைச்ச பாவாடை, சிவப்புப் பூ. நீதான்னு கைக்குட்டையை நீட்டினேன். திரும்பினா உன் தங்கச்சி. மேளம் ஆரம்பிச்சப்புறம் பாதியில விட்டுட்டு வர முடியுமா? ஆடி முடிச்சுத் தேடினேன், நீ வீட்டுக்குப் போயிட்ட.”

நான் வீட்டுக்குத்தான் போனேன். அப்படிப் போனவள்தான் உன் கல்யாணத்துக்கும் வரவில்லை, உன் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை. ஐம்பத்தோரு வருஷம் உன்மேல் வைத்திருந்த கோபம் உண்மையில் ஒரு பாவாடையின் பின்பக்கத்துக்குச் சேரவேண்டியது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. பாவாடையில் நீ கொட்டிய எண்ணெய்க் கறை மட்டும் உன் கணக்கிலேயே இருக்கட்டும்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது யுரானி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குக் காதோடு சொல்லியிருக்கலாம். தெரு முழுக்கப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள். திரையில் என் முழங்கை ஒரு மலை மாதிரி, சுருக்கமெல்லாம் ஓடை மாதிரி. மச்சாக்கா அதன்மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, வாயை வயிற்றுக்குக் கீழே மடித்துக்கொண்டு. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, என் சட்டைக் கையில், வாய் திறந்த ஊக்கு, கடப்பாரை பருமனில், முனை என் தோலுக்குள்.

“பாத்தீங்களா அம்மாச்சி? குத்தினது ஊக்கு.”

தெரு சிரித்த சிரிப்பில் குமெர்சிந்தோ வீட்டு ஓட்டிலிருந்து புறா பறந்துபோயிற்று. “அப்படின்னா கையை விட்டுடலாமே அக்கா,” என்றாள் ஒதிலியா.

இதுதான் நான் வெட்கப்படுகிற இடம். ஊக்கு என்று தெரிந்த பிறகும் கையை எடுக்க மறந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று ஒதிலியா சொல்லுவாள், அவள் கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு மணி நேரம் என்று சொன்னால் முக்கால் என்று வைத்துக்கொள்.

யுரானி எந்தப் படத்தை அனுப்பினாள் என்று நினைக்கிறாய்? மரத்தில் எடுத்த அழகான படங்களை விட்டுவிட்டு இந்த ஊக்குப் படத்தைத்தான். “மச்சாக்கா கடிப்பதில்லை” என்று தலைப்பு, கீழே என் முழுப்பெயர். கதவளவு பெரிதாக அச்சடித்து அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மாட்டுகிறார்களாம். நம் பக்கத்து ஜனம் எல்லாம் அங்கே வரும். அதனால் முதல் தடவையாக உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் அகலமான கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தினமும் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நில். யார் கேட்டாலும் என்னைத் தெரியாது என்று சொல். நான் உன்னைத் தெரியாது என்று இத்தனை வருஷம் சொன்னேன், அதற்கு இது சரியாகப் போகும். பத்தொன்பது வருஷத்து மானம் இப்போது உன் சால்வையில்தான் இருக்கிறது. குமெர்சிந்தோ தெருப் பக்கம் இனி நான் காலெடுத்து வைப்பதில்லை என்று மாதா சுரூபத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கும், நான் பார்க்காத உன் பேரப்பிள்ளைகளுக்கும், மாதா மழையும் வெயிலும் அளவாகக் கொடுக்கட்டும். உன் மூட்டுவலி குறையட்டும், நிற்கிற வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
தலைகுனிந்து இருக்கும் அக்கா,
எதெல்வினா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை மறுபடியும் கையில் சுருக்கென்றது. சட்டையை உதறிப் பார்த்தேன், ஊக்கு இல்லை. பூச்சியும் இல்லை. யுரானி வந்து பார்க்கிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். உயிர் விஷயத்தில் விளையாடக்கூடாது. குமெர்சிந்தோ வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றாம் தேதி நீ சால்வை போர்த்திக்கொண்டு நிற்கவேண்டாம், நாங்களே இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து நின்றுகொள்கிறோம். வரும்போது அந்தப் பாவாடை இன்னும் இருக்கிறதா என்று தேடி எடுத்து வை.